வாட்ச் டாக்ஸ் கேம்கள் மூன்றில் எதை முதலில் ஆடலாம்?

சென்னை கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்று நின்று பழகியவர்களுக்கு, ஊரையே ஃபோனுக்குள் அடக்கும் ‘வாட்ச் டாக்ஸ்’ வீடியோ கேம் ஏன் பிடிக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. பின்னால் போலீஸ் துரத்தும். ஒரு பட்டன் தட்டினால் சிக்னல் எல்லாம் குழம்பி நாற்சந்தியில் வண்டிகள் மோதிக்கொள்ளும்; இன்னொன்று தட்டினால் ஆற்றுப் பாலம் இரண்டாகப் பிளந்து மேலே எழும்பும்.

இது 2014இல் வந்த முதல் பாகத்தின் சிகாகோ. கேமரா, சிக்னல், மின்சாரம் எல்லாமே சிடிஓஎஸ் என்ற ஒரே அமைப்பின் பிடியில் இருக்கும். இதில் புரொஃபைலர்தான் உயிர். தெருவில் போகிற யாரை ஸ்கேன் செய்தாலும் பெயர், வேலை, வருமானம், கூடவே ஒரு வரி அந்தரங்கம். நோயாளி என்று காட்டிய ஒருவரின் கணக்கிலிருந்து பணம் உருவியபோது எனக்குக் கை கூசியது. நாயகன் ஏய்டன் பியர்ஸ், உடன்பிறந்தவளின் மகளைப் பறிகொடுத்தவன். கதையில் சிரிப்பே கிடையாது. அந்த இறுக்கம் எனக்குப் பிடித்தது. வண்டி ஓட்டுவதுதான் சொதப்பல். 2012இல் அறிமுக மேடையில் காட்டிய காட்சியழகும் கைக்கு வந்தபோது இல்லை.

மூன்றாவதான லீஜியன், 2020. லண்டனை ஆல்பியன் என்ற தனியார் படை பிடித்து வைத்திருக்கிறது. ரோட்டில் போகிற யாரையும் சேர்த்துக்கொண்டு அவராகவே ஆடலாம், வயசான பாட்டியாகக்கூட. பெர்மாடெத் போட்டுவிட்டால் செத்தவர் செத்தவர்தான். யோசனை அபாரம். ஆனால் எல்லோரும் நாயகரானதில் யார் முகமும் மனதில் தங்கவில்லை.

முதலில் ஆட நான் சொல்வது இரண்டாம் பாகம், 2016. சான் ஃபிரான்சிஸ்கோவும் அதைச் சுற்றிய ஊர்களும். வெயில், கடல், சுவரெல்லாம் வண்ணம். ஓக்லண்ட் பையன் மார்கஸ் ஹாலோவேயை, அவன் செய்யாத குற்றத்துக்கு சிடிஓஎஸ் 2.0 சந்தேக ஆளாகக் குறித்துவிடுகிறது. முதல் மிஷனிலேயே சர்வர் கூடத்துக்குள் நுழைந்து தன் பதிவை அழிக்கிறான். படிப்பு முடித்து நான் போன முதல் இன்டர்வியூவில், சர்டிஃபிகேட்டைத் திறக்கும் முன்பே “வியாசர்பாடியா?” என்று என் ஏரியா பெயரை ஒருவர் இழுத்தார். அதற்குப் பிறகு கேள்வியே வரவில்லை. அந்த மிஷனை நான் மூன்று முறை ஆடினேன்.

ஹேக்கிங்கும் இதில்தான் முழுமை. நிற்கிற காரை எங்கிருந்தோ ஓட்டலாம். ஜம்பர் என்ற குட்டி வண்டியை உள்ளே அனுப்பி, ட்ரோனை மேலே பறக்கவிட்டு, மதில்சுவருக்கு வெளியே உட்கார்ந்தபடியே மிஷனை முடிக்கலாம். முதல் பாகத்தில் துப்பாக்கியைத் தொடாமல் நகர்வதே கஷ்டம். இங்கே ஒரு உயிரையும் எடுக்காமல் வெகுதூரம் போகலாம், மயங்க வைக்கும் துப்பாக்கியே போதும். முதலில் இதை வாங்குங்கள், அடுத்து சிகாகோ. லீஜியன் விலை இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் பாகத்திலும் கை கூசவைக்கும் ஒரு வசதி உண்டு: தெருவில் போகும் யார் மேலும் பொய்ப் பதிவு ஏற்றி போலீஸை வரவழைக்கலாம். ஒரே ஒரு தடவை செய்து பார்த்தேன். சும்மா நடந்துபோன ஆளைப் போலீஸ் வந்து மடக்கியது. அந்தப் பட்டனை நான் மறுபடி தொடவில்லை.