எஃப்.எஸ்.ஆர். ஜெல்: மஞ்சள் கறைக்கு வாங்கலாம், கறுப்புக் கோட்டுக்கு வேண்டாம்

டேவிஸ் நிறுவனத்தின் எஃப்.எஸ்.ஆர். பைபர் படகில் கறை எடுப்பதற்கான நீல நிற ஜெல். அதில் வேலை செய்வது ஆக்சாலிக் அமிலம். துருக்கறை, நீர்மட்டத்தை ஒட்டிப் படியும் மஞ்சள் பட்டை இரண்டையும் இது தேய்க்காமலே எடுத்துவிடும். நுவரெலியா கிரகரி வாவியின் அன்னப் படகானாலும் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் நிற்கும் பாய்மரப் படகானாலும் பைபரின் வெளிப்பூச்சு ஒன்றுதான்: ஜெல்கோட். மலைச்சரிவிலிருந்து இலைச்சாறும் செம்மண்ணும் கலந்து வரும் தண்ணீரில் நிற்கும் படகுக்கு இந்த மஞ்சள் பட்டை தவறாமல் வரும். அந்த வேலைக்கு இந்த ஜெல் மிக நல்லது.

ஆனால் படகின் பக்கத்தில் மேலிருந்து கீழே இறங்கும் கறுப்புக் கோடுகளை இது தொடாது. அந்தக் கோடு எண்ணெய்ப் பிசுக்கு. மேல்தளத்துத் தூசு, புகைக்கரி, வெயிலில் பொடியும் விளிம்பு ரப்பர் எல்லாம் மழைத்தண்ணீரோடு ஒரே தடத்தில் வடிந்து, மெழுகு போன ஜெல்கோட்டில் ஒட்டிக்கொள்கின்றன. அமிலத்துக்கு அங்கே வேலையில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவச் சவர்க்காரத்தைக் கலந்து, மென்மையான தூரிகையால் கீழிருந்து மேலாகக் கழுவுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் உலர்ந்த இடத்தில் இறங்கிப் புதுக் கோடு போடும். மிஞ்சியதைத் துணியில் சிறிது மினரல் டர்பன்டைன் தொட்டுத் துடைத்து, உடனே சவர்க்காரம் போட்டு அலசுங்கள். பரப்பைத் தேய்த்து மெருகேற்றும் பசையான ரபிங் கொம்பவுண்டைக் கடைசிக்கு வைத்திருங்கள். ஜெல்கோட்டின் தடிப்பு சுமார் அரை மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு தேய்ப்பிலும் அது குறையும்.

ஜெல்லைப் பூசுமுன்பும் சவர்க்காரக் கழுவல் கட்டாயம். பிசுக்கு இருந்தால் அமிலம் கறையை எட்டாது. ஈரம் காய்ந்ததும் தூரிகையால் தடிப்பாகப் பூசி, பத்து நிமிடம் விட்டு, நிறையத் தண்ணீரில் அலசலாம். நுவரெலியாக் குளிரில் இருபது நிமிடம் வரை ஆகும், ஆனால் காயவிடக்கூடாது. இழுவண்டியின் துத்தநாகப் பூச்சிலும் அலுமினியப் பாகங்களிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அரித்துவிடும்.

ஜெல்லின் பெரிய சிறப்பு, செங்குத்துப் பக்கத்தில் வழியாமல் ஒட்டி நிற்பது. அது கிடைக்காவிட்டாலோ படகுகள் பல இருந்தாலோ ஆக்சாலிக் அமிலத் தூள் போதும். பிளாஸ்டிக் வாளியில் ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீருக்கு 60 முதல் 80 கிராம். குளிர்ந்த தண்ணீரில் மெதுவாகத்தான் கரையும். கரைசலில் நனைத்த டிஷ்யூ தாளைக் கறைமேல் ஒட்டிவிட்டால் வழியாது. கையுறை, கண்ணாடி, முகமூடி இல்லாமல் தூளைத் திறக்காதீர்கள், விழுங்கினால் நஞ்சு. குளோரின் பிளீச்சோடு எந்த அமிலத்தையும் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு வரும். பச்சைப் பாசிக்கு நீர்த்த பிளீச் சரிதான், ஆனால் வேறொரு நாளில், நன்றாக அலசிய பிறகு. கழிவறை கழுவும் திரவத்தைப் படகில் ஊற்றும் பழக்கம் விட வேண்டியது. அவற்றில் பலவற்றில் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் துருப்பிடிக்காத இரும்பையே துருப்பிடிக்க வைக்கும்.

ஜெல்லோ தூளோ, இரண்டும் மெழுகையும் உரித்துவிடும். அன்றே மெழுகு பூசாவிட்டால் அடுத்த மழையில் கறுப்புக் கோடு இன்னும் ஆழமாகப் பிடிக்கும். விளிம்பு ரப்பரின் அடியிலும் நீர் வடியும் துளைகளின் கீழும் இரண்டு பூச்சு. மூடுபனி இருக்கும்போது பூசினால் மெழுகு காயாமல் இழுபடும், பனி விலகிய முற்பகல்தான் நேரம். மே மாதம் தென்மேல் பருவமழை இறங்குமுன் ஒருமுறை, செப்டெம்பரில் மழை ஓய்ந்ததும் ஒருமுறை என்பது குறைந்த அளவு.

கோடு வராமலே இருக்க வேண்டுமென்றால் செலவை வேறு இடத்தில் செய்யுங்கள். நீர் வடியும் துளையின் கீழ் உதட்டில் ஓரங்குலம் வெளியே நீளும் பிளாஸ்டிக் குழாய்த் துண்டை மரைன் சீலன்டால் (படகுகளுக்கான, நீர் புகாமல் அடைக்கும் பசை) ஒட்டினால், தண்ணீர் பக்கத்தைத் தொடாமல் விழும். கைப்பிடிக் கம்பியின் அடியிலிருந்து துரு வடிந்தால் கறையை மட்டும் எடுத்துப் பயனில்லை. திருகாணியைக் கழற்றி, துவாரத்தைத் துடைத்து, புது சீலன்ட் வைத்துத் திரும்ப முடுக்க வேண்டும். மேல்தளத்தை வாரம் ஒருமுறை கழுவுங்கள், கறுப்பு அங்கிருந்துதான் இறங்குகிறது.

மஞ்சள் பட்டைக்கும் துருவுக்கும் ஐந்தில் நாலரை. கறுப்புக் கோட்டுக்குப் பூச்சியம். கழுவும் வேலையைப் படகைக் கரையேற்றி, அமிலத் தண்ணீர் வாவிக்குள் ஓடாத இடத்தில் வைத்துச் செய்யுங்கள்.