காட்டு வான்கோழி: கிழக்கத்தியதும் ரியோ கிராண்டேயும்

இரண்டும் ஒரே இனத்தின் துணையினங்கள்தான். அடையாளம் வால் நுனியில்: கிழக்கு அமெரிக்கப் பறவைக்கு அடர்பழுப்பு, டெக்சாஸ் பக்கத்து ரியோ கிராண்டேவுக்கு வெளிறிய பழுப்பு.

கிழக்கத்தியது ஓக் காட்டுவாசி. இரவில் அடைய மரத்துக்குப் பஞ்சமில்லை, அதனால் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். ரியோ கிராண்டே வாழ்வதோ வறண்ட புதர்நிலத்தில். உயரமான மரங்கள் பெரும்பாலும் ஆற்றோரம்தான். குளிர்காலத்தில் பெருங்கூட்டமாக அதே தோப்புக்கு வருடா வருடம் வந்து அடையும். வசந்தத்தில் பெட்டைகள் அங்கிருந்து பல கிலோமீட்டர் போய் முட்டையிடுவதும் உண்டு.

கூட்டில் பெரிய வித்தியாசமில்லை. அதைக் கூடு என்பதே அதிகம்: தரையில் சருகு கிடக்கும் சிறு பள்ளம், 10 முதல் 12 முட்டைகள், சுமார் 28 நாள் அடைகாப்பு. ரக்கூனுக்கும் பாம்புக்கும் தப்பிப் பொரித்த குஞ்சுகளும் முதல் இரண்டு வாரம் தாயோடு தரையில்தான் தூங்கும்.

எனக்குச் சுவாரசியமாகப் படுவது மழைக் கணக்கு. டெக்சாஸில் மழை பொய்த்தால் புல் மறைவு இல்லை, பூச்சியும் குறைவு. பல பெட்டைகள் அந்த வருடம் முட்டையிட முயல்வதே இல்லை. கிழக்கில் பயம் வேறு: குஞ்சு பொரித்த சமயத்தில் குளிரோடு அடைமழை பிடித்தால், மென்தூவி நனைந்து குஞ்சுகள் விறைத்துச் செத்துவிடும்.

சரி, முதன்முதலாகப் பார்க்கப் போகிறவருக்கு எது? ரியோ கிராண்டேதான். திறந்தவெளியில் கூட்டமாகத் திரிவதால் சுலபமாகக் கண்ணில் படும்.