ஓக் ஆலியா, விட்னியா: லூசியானாவில் எந்தக் கரும்புத் தோட்டத்தைப் பார்ப்பது?

நியூ ஆர்லியன்ஸிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில், மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரைச் சாலையிலேயே, ஒருகாலத்தில் அடிமைகளின் உழைப்பில் நடந்த இந்த இரண்டு பழைய கரும்புத் தோட்டங்களும் இருக்கின்றன. இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில், ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவருக்கு விட்னியையே சொல்வேன்.

அழகைப் பொறுத்தவரை போட்டியே இல்லை. ஓக் ஆலியில் இரு வரிசையாக நிற்கும் 28 ஓக் மரங்களும், அந்த நிழற்பாதையின் முடிவில் 1839இல் கட்டி முடிக்கப்பட்ட மாளிகையும் படத்தில் பார்ப்பதைவிட நேரில் கம்பீரமானவை. உணவகமும் தங்கும் குடில்களும் உண்டு; நான் அங்கே இரவு தங்கியதில்லை என்பதால் அவற்றை மதிப்பிட இயலாது.

என் தேர்வைத் தீர்மானித்தது, வருபவரை முதலில் எங்கே கொண்டு நிறுத்துகிறார்கள் என்பதுதான். 1752இல் ஹைடல் குடும்பம் தொடங்கிய விட்னியை, வழக்கறிஞர் ஜான் கம்மிங்ஸ் வாங்கிச் சீரமைத்து 2014இல் அருங்காட்சியகமாகத் திறந்தார். நான் சென்றபோது நுழைவுச்சீட்டுடன் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை தந்தார்கள். சிறுவயதில் அடிமையாக இருந்து, 1930களில் முதியவராகத் தம் நினைவுகளைச் சொல்லிப் பதிவுசெய்த ஒருவரின் வார்த்தைகள் அதில் இருந்தன. அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்றவர்கள் கட்டிய தேவாலயத்துக்குள் சென்றால், வுட்ரோ நாஷ் வடித்த குழந்தைச் சிற்பங்கள் இருக்கைகளிலும் தரையிலும் நம்மை எதிர்கொள்கின்றன. அடுத்து, லூசியானாவில் அடிமைப்படுத்தப்பட்ட 1,07,000 பேரின் பெயர்களைப் பொறித்த சுவர்கள். அதன்பின் குடிசைகள், கருப்பஞ்சாறு காய்ச்சிய பெரிய இரும்புக் கொப்பரைகள், துருவேறிய சிறைக்கூண்டு. மாளிகை கடைசியில்தான் வருகிறது. அங்கே போய்ச் சேரும்போது, உள்ளிருக்கும் மேசை நாற்காலிகளைப் பார்த்து வியக்கும் மனநிலை நமக்கு இருப்பதில்லை.

ஓக் ஆலியிலும் குடிசைகளை மறுபடி கட்டிப் பெயர்களை எழுதிவைத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. அங்கே அடிமையாக இருந்த அந்த்துவான் என்ற தோட்டக்காரர் பீக்கன் என்ற கொட்டை மரத்தில் ஒட்டுக்கட்டி உருவாக்கிய ரகம், 1876ஆம் ஆண்டு பிலடெல்பியா பொருட்காட்சியில் பரிசு பெற்றது. அமெரிக்கப் பீக்கன் சாகுபடியின் வரலாற்றையே அவரை விட்டுவிட்டு எழுத முடியாது. ஆயினும் நான் பார்த்தவரை, வழிகாட்டி அழைத்துச் சென்றது மாளிகைக்குள். குடிசைகளை நாமாகப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது, அவசரத்தில் இருந்த பலர் பார்க்காமலே போனார்கள்.

விட்னியில் பெரும்பகுதி திறந்த வெளி என்பதால் கோடையில் தொப்பியும் தண்ணீரும் அவசியம். இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பவர்கள் வெயில் ஏறுமுன் விட்னியை முடித்துக்கொண்டு, ஓக் ஆலியின் நிழலைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளலாம்.