எம்-3 அரியருக்கு "பாஸ் கியாரண்டி" என்றார்கள், 8,500 ரூபாய் போனது

முந்தாநாள் ரிசல்ட் வந்தது. எம்-3 என்கிற கணக்குப் பேப்பருக்கு நேரே மறுபடியும் 'யூ', அதாவது ஃபெயில். நேற்று காலையிலிருந்து அந்த கோச்சிங் சென்டருக்குப் போன் போட்டுப் பார்த்து, யாரும் எடுக்காமல், மத்தியானம் நேரிலேயே போய் நின்றுவிட்டு வெறுங்கையோடு வந்தேன். கோபம் இன்னும் அடங்கவில்லை. எழுத்து முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி இடத்தில் மாட்டாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் மெக்கானிக்கல் படிக்கிறேன். எங்களுக்கு மூன்றாவது செமஸ்டரில் 'டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ்' கட்டாயப் பாடம். எல்லோரும் எம்-3 என்றுதான் சொல்வோம். அந்த ஒரு செமஸ்டரில் இந்தப் பாடத்துக்கு மூன்று பேர் மாறினார்கள். முதலில் வந்த மேடம் நன்றாக நடத்தினார், ஒரே மாதத்தில் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். அடுத்து வந்தவர் இரண்டு வாரம். மூன்றாவதாக வந்த சார் போனில் ஒரு பிடிஎஃப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி அதை அப்படியே போர்டில் எழுதுவார். எழுதி முடித்ததும் அழிப்பார். ஒருநாள் பின் பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "சார், இதில் ஏன் சைன் மட்டும் வருது, காஸ் ஏன் வரலை?" என்று கேட்டான். "ஃபார்முலாவில் அப்படித்தான் இருக்கு, எழுது" என்றார். அதற்கப்புறம் யாரும் எதையும் கேட்கவில்லை. இன்டர்னல் மார்க் அவர் கையில் இருக்கிறது, யார் கேட்பார்கள்?

மூன்றாவது யூனிட்டும் ஐந்தாவது யூனிட்டும் நடத்தவே இல்லை. "நீங்களே பார்த்துக்கங்க, ஈஸிதான்" என்றார். இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று கணக்குப் போட்டால் தெரியும். ஒரு யூனிட்டுக்கு இரண்டு மார்க் கேள்வி இரண்டு, பதினாறு மார்க் கேள்வி ஒன்று. இரண்டு யூனிட் போனால் 40 மார்க் போச்சு. மிச்சம் இருக்கிற 60-இல் எழுத்துத் தேர்வுக்கு 45 எடுத்தாக வேண்டும், அதோடு இன்டர்னலையும் சேர்த்து மொத்தம் 50 வர வேண்டும். நடத்தின மூன்று யூனிட்டும் எங்களுக்குப் புரிந்திருந்தால் அது முடியும். புரியவில்லையே.

எங்கள் வகுப்பில் 58 பேர், பாஸ் ஆனது 19 பேர். துறைத் தலைவரான எச்ஓடியிடம் ஐந்து பேர் சேர்ந்து போய்ச் சொன்னோம். "அந்த 19 பேரும் இதே கிளாசில்தானே உட்கார்ந்திருந்தாங்க?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். அந்த 19 பேரில் பாதிப் பேர் வெளியே டியூஷன் போனவர்கள் என்று அவருக்கும் தெரியும்.

இந்த நிலைமையில்தான் மார்ச் மாதம் அந்த கோச்சிங் சென்டருக்குப் போனேன். பெயர் போடவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மாடியில் இரண்டு ரூம். இன்ஜினியரிங் அரியர் கிளியர் பண்ணித் தருகிறோம் என்று எங்கள் கல்லூரி பஸ் நிற்கிற இடத்தில் எல்லாம் நோட்டீஸ் ஒட்டுவார்கள். "20 நாள், நேரடி வகுப்பு, 100% பாஸ், ஃபெயில் ஆனால் முழுப் பணமும் வாபஸ்." முதல் நாள் டெமோ இலவசம்.

அந்த டெமோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் விழுந்தது அங்கேதான். முப்பத்தைந்து வயது இருக்கும் ஒரு சார் வந்தார். போர்டு பக்கமே போகவில்லை. தன் கழுத்தில் இருந்த ஐடி கார்டு டேகைக் கழற்றி, ஒரு முனையை முன் வரிசையில் இருந்த என்னிடம் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். மறுமுனையை அவர் பிடித்துக்கொண்டு, நடுவில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். டேக் மேலும் கீழும் ஆடியது. "தம்பி, எந்த இடம் அசையவே இல்லை?" என்றார். "நாம பிடிச்சிருக்கிற ரெண்டு முனையும் சார்" என்றேன். "சைன் எங்கெங்கே ஜீரோ?" என்றார். பூஜ்யத்திலும் பையிலும் (π). காஸ் அங்கே ஜீரோ ஆகாது, அதனால்தான் சைன் மட்டும். அவ்வளவுதான், எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு செமஸ்டர் முழுக்க யாரும் சொல்லாததை ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். அப்புறம்தான் போர்டுக்குப் போய், எக்ஸ் இன்டு பை மைனஸ் எக்ஸ் என்ற கணக்குக்கு சைன்களை மட்டும் கூட்டி எழுதுகிற ஹாஃப் ரேஞ்ச் சைன் சீரீஸ் போட்டார். 'என்' (n) இரட்டைப்படை எண்ணாக இருந்தால் ஒவ்வொரு சைனுக்கும் முன்னால் வரும் எண்ணான 'பிஎன்' (bn) ஏன் பூஜ்யமாகிறது, ஒற்றைப்படைக்கு மட்டும் ஏன் மிஞ்சுகிறது என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஃபூரியர் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் இந்த சீரீசுக்கு வந்ததே ஒரு பொருளில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று யோசித்துத்தான், 1822-இல் அதைப் பற்றிப் புத்தகமே போட்டார் என்றார். நான் மெக்கானிக்கல் மாணவன். எனக்கு ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர் இனிமேல் வரப்போகிறது. இந்தப் பாடத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வகுப்பு முடிந்ததும் என் தோளில் கை வைத்து, "உன் மேல தப்பு இல்ல தம்பி. உனக்கு யாரும் சொல்லித் தரலை, அவ்வளவுதான்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில், கல்லூரியில், எல்லோரும் நான் படிக்கவில்லை என்றுதான் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே 8,500 ரூபாய் கட்டினேன். அம்மா மகளிர் குழுவில் எடுத்த லோனிலிருந்து கொடுத்த பணம். இன்னும் வாரா வாரம் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஜிபேயில் அனுப்பும்போது சென்டர் பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. ரிசப்ஷனில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். "அது மேனேஜர் அக்கவுண்ட்தான் அண்ணா" என்றார். ரசீது என்று ஒரு துண்டுச் சீட்டில் "எம்-3, 8,500, பெய்டு" என்று எழுதிக் கொடுத்தார். முகவரி, சீல் எதுவும் இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

டெமோ எடுத்த சார் இரண்டு நாள் வந்தார். மூன்றாம் நாள் "சாருக்கு உடம்பு சரியில்லை". நான்காம் நாளிலிருந்து வீடியோ லிங்க். டெலிகிராம் குரூப்பில் சேர்த்தார்கள், உள்ளே 200 பேருக்கு மேல் இருந்தார்கள். வீடியோவில் வேறு யாரோ இந்தியில் நடத்துகிறார்கள், மேலே இவர்கள் லோகோ ஒட்டியிருக்கிறார்கள். ஆறாவது நாள் லிங்கும் திறக்கவில்லை. "நோட்ஸ் போட்டிருக்கோம், அதைப் படிச்சாலே பாஸ்" என்று ஒரு பிடிஎஃப் வந்தது.

திறந்து பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. எங்கள் கல்லூரி சார் போனில் வைத்துப் பார்த்து எழுதின அதே பிடிஎஃப்! அவர் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பிலும் அதைப் போட்டிருந்தார். பதினான்காவது பக்கத்தில் போட்டோ எடுத்தவரின் கட்டைவிரல் கடைசி இரண்டு வரியை மறைத்துக்கொண்டு இருக்கும். அதே விரல் இங்கேயும் இருந்தது. 'காஸ் என்பை'க்கு (cos nπ) 'மைனஸ் ஒன்று பவர் என்' வர வேண்டிய இடத்தில் வெறும் ஒன்று என்று எழுதிய அதே தப்பும் இருந்தது. எந்த நோட்ஸ் புரியாமல் ஃபெயில் ஆகி வந்தேனோ, அதே நோட்ஸை 8,500 ரூபாய்க்கு என்னிடமே விற்றிருக்கிறார்கள்.

அன்றைக்கே பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "எக்ஸாம் எழுதுங்க, ஃபெயில் ஆனாத்தானே ரிஃபண்டு" என்றார்கள். சரி என்று நானாக உட்கார்ந்து முடிந்தவரை படித்துவிட்டு எழுதினேன். இப்போது ஃபெயில். நேற்று போனால், ரிசப்ஷனில் வேறு பெண். "சார் மீட்டிங்ல இருக்கார்." இரண்டு மணி நேரம் நின்றேன். அப்புறம் மேனேஜர் என்று ஒருவர் வந்து, "90% அட்டெண்டன்ஸ் இருந்தாத்தான் ரிஃபண்டு, நீ ஆறு நாள்தான் வந்திருக்க" என்றார். ஆறு நாளுக்கு மேல் கிளாசே நடக்கவில்லையே என்றேன். "வீடியோ பார்த்ததும் அட்டெண்டன்ஸ்தான், நீ பார்க்கலை." லிங்க் திறக்காத ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினேன். "சரி, முதல்ல ரீவேல்யூவேஷன் போடு, அதுலயும் வரலைன்னா பேசலாம்" என்றார். டெமோ எடுத்த சார் எங்கே என்று கேட்டதற்கு, "அவர் டெமோவுக்கு மட்டும்தான் வருவார்" என்று சொன்னார். சாதாரணமாக, தலையைக் கூட நிமிர்த்தாமல் சொன்னார். கிளம்பும்போது, "அடுத்த பேட்ச் சேர்றியா, உனக்காக 4,000 போட்டுக்கலாம்" என்றார்.

படி இறங்கி வருவதற்குள் டெலிகிராம் குரூப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். போனும் பிளாக். 8,500 ரூபாய் அவ்வளவுதான்.

டெமோ எடுத்த அந்த சார் நல்ல ஆசிரியர். அவருக்கு நாள் கணக்கில் கூலி கொடுத்து, ஒவ்வொரு பேட்சுக்கும் எங்களைப் போல ஏமாந்து வருகிறவர்களை இழுக்க மட்டும் உபயோகிக்கிறார்கள் என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது. கல்லூரி ஒழுங்காக நடத்தியிருந்தால் அந்த மாடிப்படியை நான் ஏறியிருக்கவே மாட்டேன். கேம்பஸுக்கு வருகிற கம்பெனிகள் 'நோ ஸ்டாண்டிங் அரியர்' என்று போடுகிறார்கள், ஐந்தாவது செமஸ்டர் ஆரம்பிக்கப் போகிறது, அந்தப் பயம்தான் இவர்களுக்கு முதலீடு.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இதற்கு மேல் எழுத முடியவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். டெமோவைப் பார்த்துப் பணம் கட்டாதீங்க, டெமோ எடுத்தவரேதான் கடைசி வரைக்கும் வருவாரா என்று எழுதி வாங்குங்க. தனி ஆள் பெயருக்கு ஜிபே அனுப்பாதீங்க. மொத்தமாகக் கட்டாதீங்க. ரிஃபண்டுக்கு என்ன கண்டிஷன் என்று பணம் கட்டுவதற்கு முன்னாலேயே கேளுங்க. கோச்சிங் சென்டர்கள் நிச்சயம் பாஸ் என்று பொய் விளம்பரம் செய்யக்கூடாது என்று 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதிமுறையே போட்டிருக்கிறது, ஆகவே அந்த நோட்டீஸைப் பார்த்தால் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணுங்க, நான் இன்று காலை பண்ணிவிட்டேன். கட்டின பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. பாடத்துக்கு ஐஐடிக்காரர்கள் நடத்துகிற என்பிடெல் (NPTEL) வீடியோக்கள் இலவசமாகவே இருக்கின்றன, முதலில் அதைப் பாருங்க.

அதே சென்டரில் பணம் கட்டினவர்கள் யாராவது இருந்தால், அந்தக் கட்டைவிரல் பக்கத்தைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும். எனக்கு மெசேஜ் பண்ணுங்க, சேர்ந்து புகார் கொடுக்கலாம். விடைத்தாள் போட்டோகாப்பிக்குப் பணம் கட்ட வேண்டும், நான் கிளம்புகிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.