ஸ்டேப்ளர் பின் புதுசு, துரு மட்டும் பழசு: ‘அம்ரா’ வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

ஒரு விளம்பரம்: ஆறு ‘அம்ரா’ இதழ்கள், மொத்தம் 210 டாலர். விற்பவர் தன் தாத்தா வீட்டுப் பரணைக் காலி செய்தபோது கிடைத்ததாம். அதில் 1961 ஜூலை இதழும் உண்டு என்று படித்தவுடனே எனக்குப் புத்தி மழுங்கிவிட்டது.

அம்ரா என்பது கடற்கொள்ளையர்களோடு திரிந்த காலத்தில் ராபர்ட் ஹோவர்டின் கதை நாயகனான வாள்வீரன் கோனனுக்கு இருந்த பெயர். அந்தப் பெயரில் 1959-லிருந்து 1982 வரை ஜார்ஜ் சிதர்ஸ் நடத்திய ரசிகர் இதழ் இது. 1964-லும் 1968-லும் அறிவியல் புனைவுக்கான ஹ்யூகோ விருது வாங்கியது. இந்த மாதிரி வாள்வீர, மந்திரக் கதைகளுக்கு என்னதான் பெயர் என்று எழுத்தாளர் மைக்கேல் மூர்காக் கிளப்பிய கேள்விக்கு, ‘ஸ்வோர்ட் அண்ட் சோர்சரி’ (வாளும் மந்திரமும்) என்றே அழைக்கலாம் என இன்னொரு எழுத்தாளர் ஃபிரிட்ஸ் லைபர் எழுதியது அந்த ஜூலை இதழில்தான். பல வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

படங்களில் அட்டை மட்டும்தான் தெரிந்தது. உள்பக்கம் கேட்டேன். “இன்னும் ரெண்டு பேர் கேக்கறாங்க” என்று பதில் வந்தது. பேபாலில் ‘நண்பர், குடும்பம்’ வகையில் பணம் அனுப்பினால் 15 டாலர் குறைப்பதாகவும் சொன்னார். அனுப்பினேன். அப்படி அனுப்பினால் பொருள் வாங்கியதாகவே கணக்கில் வராது, பிறகு அங்கே புகார் எடுபடாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அனுப்பினேன்.

பார்சல் வந்தது. நான்கு இதழ்கள் அசல். அதில் ஒன்றில் நடுத்தாள் இல்லை, அதாவது நாலு பக்கம் போச்சு. மிச்சம் இரண்டும் ஜெராக்ஸ். ஜூலை இதழும் அதில் ஒன்று.

முதலில் எனக்கே பிடிபடவில்லை. அம்ராவில் ராய் கிரெங்கல் வரைந்த பேனா ஓவியங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்குத் தெரியும், நிழலைக்கூட மயிரிழைக் கோடுகளாலேயே போட்டவர் அவர். இதில் அந்தக் கோடுகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, கரி அப்பியதுபோல இருந்தன. விளக்கடியில் தாளைச் சாய்த்தேன். கறுப்பு மினுங்கியது. அசல் இதழ் அச்சான ஆஃப்செட் மை அப்படி மினுங்காது, தாளோடு தாளாகக் கிடக்கும். நடுப்பக்கத்தைத் திறந்தால் சிரிப்புத்தான் வந்தது: பழைய பின்னின் துருக்கறை சாம்பல் நிறத்தில் அச்சாகியிருந்தது, அதற்குக் கால் அங்குலம் தள்ளி நிஜப் பின் பளபளவென்று.

யூவி (புற ஊதா) டார்ச் அடித்துப் பாருங்கள் என்று சிலர் சொல்வார்கள். 1930-களின் இதழென்றால் அது உதவும். 1950-களிலிருந்து காகிதத்திலேயே அந்த வெளிச்சத்தில் ஒளிர்கிற வெளுப்பூட்டி சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். 1961 இதழ் ஒளிர்ந்தாலும் அதை வைத்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது. நடுப்பக்கத்தை ஸ்டேப்ளர் பின் தெரிகிற மாதிரி விரித்து ஒரு படம், விளக்கடியில் சாய்த்து ஒரு படம், பக்க எண்ணிக்கை. இவ்வளவும் கையில் வராமல் காசை எடுக்காதீர்கள்.

விற்றவரிடம் கேட்டேன். “ஒரிஜினல்னு நான் எங்க எழுதியிருக்கேன்?” என்றார். திரும்பப் போய்ப் படித்தேன், உண்மைதான், எழுதவில்லை. அடுத்த செய்திக்கு என்னை பிளாக் செய்துவிட்டார். ஜெராக்ஸ் என்று சொல்லியே 5 டாலருக்கு விற்றிருந்தால், படிக்கவாவது ஆகும் என்று நானே சந்தோஷமாக வாங்கியிருப்பேன்.

போன வாரம் வேறொரு பெயரில் ஒரு விளம்பரம் பார்த்தேன். அம்ரா, எட்டு இதழ்கள். அட்டைகளுக்கு அடியில் அதே பச்சைப் பூப்போட்ட மேஜை விரிப்பு. இந்த முறை பரண் மாமாவுடையதாம்.