பினாங்கு கல்யாணத்துக்குப் போகிறவர்கள் ரூம் போடுவதற்கு முன்

நாங்கள் கோலாலம்பூரில் இருக்கிறோம், மனைவி வீட்டாரில் பாதிப் பேர் பினாங்குத் தீவில். பத்து வருடத்துக்கு மேலாக வருடத்துக்கு இரண்டு கல்யாணமாவது அங்கே இருக்கும். கார், ரயில், விமானம், இரவு பஸ் எல்லாவற்றிலும் போயாயிற்று. இரவு பஸ் மட்டும் இனி வேண்டாம், விடிகாலை நாலு மணிக்குப் பட்டுப்புடவைப் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்தில் கொட்டாவி விட்டதே போதும்.

முதலில் ரூம் விஷயம். பத்திரிகை கைக்கு வந்ததும் எல்லாரும் செய்கிற தப்பைத்தான் நாங்களும் செய்தோம், பத்து பெரிங்கி கடற்கரையில் கடலைப் பார்த்த அறையைப் போட்டோம், பிள்ளைகளுக்கு நீச்சல் குளம் வேண்டுமாம். மண்டபமோ தீவின் தலைநகரமான ஜார்ஜ்டவுனில். வரைபடத்தில் பார்த்தால் பக்கம்தான், ஆனால் தஞ்சோங் பூங்கா வழியாக மலைக்கும் கடலுக்கும் நடுவில் வளைந்து வளைந்து வருகிற அந்த ஒரே சாலையில் சனிக்கிழமை மாலை மாட்டிக்கொண்டால் அவ்வளவுதான். ரிசெப்ஷனுக்கு நாங்கள் நுழைந்தபோது மாப்பிள்ளையும் பெண்ணும் கேக் வெட்டி முடித்து, மாமா பந்தியில் தயிர்சாதம் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் முகூர்த்தத்துக்கு, மேக்கப் போடும் பெண் அவ்வளவு தூரம் வரமாட்டேன் என்று சொல்லிவிட, என் மனைவி மூன்றரை மணிக்கு எழுந்து தானே தலை பின்னிக்கொண்டாள். அவளுக்கு அந்தக் கோபம் என் மேல் இன்னும் பாக்கி இருக்கிறது.

அதற்கடுத்த முறை லிட்டில் இந்தியா பக்கம் பழைய கடைவீடு ஒன்று. 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பகுதி என்பதால் இந்த மாதிரி வீடுகள் நிறைய. பார்க்க அழகு, சந்தேகமே இல்லை. ஆனால் ஏணி மாதிரி செங்குத்தான மரப்படி, லிஃப்ட் கிடையாது, கார் நிறுத்தவும் இடமில்லை. முட்டி வலிக்கார அத்தையை நானும் மச்சானும் ஆளுக்கொரு கை பிடித்து ஏற்றினோம், பாதிப் படியில் நின்று “இதுக்கா காசு குடுத்தீங்க?” என்றார். பெரியவர்கள் வந்தால் லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். வயசுப் பிள்ளைகள் மட்டும் என்றால் இதைவிட நல்ல இடம் இல்லை, மல்லிகைச் சரம் கீழே இறங்கினால் கிடைக்கும், குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போகலாம், நகருக்குள் சுற்ற ‘கேட்’ (CAT) என்கிற நகர பஸ் இலவசம்.

இப்போது நாங்கள் போடுவது ஜார்ஜ்டவுனில் மண்டபத்துக்குக் கிட்ட ஒரு சாதாரண மூன்று நட்சத்திர ஹோட்டல். கடல் வேண்டுமானால் கல்யாணம் முடிந்த பிறகு ஒரு நாள் கூடுதலாக எடுத்துக்கொள்கிறோம்.

அப்புறம் போகிற வழி. ரயில் தீவுக்குள் போகாது, கேஎல் சென்ட்ரலிலிருந்து இடிஎஸ் மின்சார ரயில் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கிற பட்டர்வொர்த் வரைதான், நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இறங்கி நடக்கிற தூரத்தில் ஃபெர்ரி, வார இறுதி ரயில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஃபெர்ரியில் இப்போது கார் ஏற்றுவதில்லை, ஆட்களும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும்தான். 2021இலிருந்தே அப்படித்தான், ஆனாலும் போன வருடம் எங்கள் பெரியப்பா பழைய ஞாபகத்தில் காரோடு படகுத்துறை வரை போய்த் திரும்பிப் பாலத்துக்கு வந்தார்.

காரில் வந்தால் இரண்டு பாலம் இருக்கிறது. மண்டபம் ஜார்ஜ்டவுன் பக்கம் என்றால் 1985இல் திறந்த பழைய பாலம். பாயான் லெப்பாஸ் பக்கம் என்றால் எதிர்க்கரையில் பத்து காவான் என்கிற ஊரிலிருந்து போகிற இரண்டாவது பாலம், 24 கிலோமீட்டர், 2014இல் திறந்தது, சும்மா ஓட்டிப் பார்க்கவே நன்றாக இருக்கும். டோல் தீவுக்குள் போகும்போது மட்டும், டச் என் கோ அட்டையில் காசு இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள்.

தை மாதக் கல்யாணமா? தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வருகிற கூட்டம் ஒரு பக்கம், அதை ஒட்டியே சீனப் புத்தாண்டு. அந்தச் சமயத்தில் ரூம் விலை ஏறிவிடும், நல்ல அறையும் மிஞ்சாது. தேதி தெரிந்த அன்றே போட்டுவிடுங்கள், ரத்து செய்யக்கூடிய ரூமாகப் பார்த்து, ஏனென்றால் எங்கள் வீட்டில் ஒரு தடவை முகூர்த்த நாளே மாறிவிட்டது.