பெயரில் மட்டும் லைட்வெயிட்: பழைய ராணுவ லேண்ட் ரோவரோடு எட்டு வருடம்

பெட்ரோல் போட வேண்டுமென்றால் என் மகள் வண்டியை விட்டு இறங்கியாக வேண்டும். டேங்கின் மூடி அவள் உட்காரும் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. மெத்தையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, மூடியைத் திருகி, பம்ப் குழாயை வண்டிக்குள்ளேயே நுழைத்துப் பிடிக்க வேண்டும். என் சீட்டுக்கு அடியிலும் இதே மாதிரி ஒரு டேங்க். பின்னால் காத்திருப்பவர் ஹாரனில் கை வைப்பார். அப்புறம் என்ன நடக்கிறது என்று புரிந்ததும் இறங்கி வந்து, "இது எந்த வருடத்து வண்டி?" என்று கேட்பார்.

1976. லேண்ட் ரோவர் சீரிஸ் 3, அரை டன் ரகம். பிரிட்டிஷ் ராணுவத்துக்காக உருவாக்கிய மாடல். எல்லோரும் சொல்லும் பெயர் லைட்வெயிட். நான் இருப்பது இங்கிலாந்தில், ரெடிங் பக்கம். வாங்கி, பிரித்து, பூட்டி, ரோட்டில் இறக்கிய பிறகு எட்டு வருடம் ஓட்டியாயிற்று. வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் முழுக்கதையைச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்தப் பெயர். எல்லாப் பாகங்களும் பூட்டிய நிலையில் இந்த வண்டி சாதாரண 88 அங்குல (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) லேண்ட் ரோவரைவிடக் கனம். ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுத் தூக்கிக்கொண்டு போக ஒரு வண்டி வேண்டும் என்று ராணுவம் கேட்டது 1960களில். வெசெக்ஸ் ஹெலிகாப்டர் தூக்கக்கூடிய எடை 2,500 பவுண்டு, அதாவது சுமார் 1,130 கிலோ. ஆர்கோசி சரக்கு விமானத்துக்குள் இரண்டு வண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தவும் முடிய வேண்டும். அதற்குச் சாதாரண லேண்ட் ரோவர் அகலம் அதிகம். லேண்ட் ரோவர்காரர்கள் உடம்பை நாலு அங்குலம் ஒடுக்கினார்கள். வளைவான பக்கத் தகடுகளை எடுத்துவிட்டுத் தட்டையானவை வைத்தார்கள். கதவு, கண்ணாடிச் சட்டம், மேல்பாதி உடம்பு எல்லாம் ஸ்பானர் இருந்தால் சீக்கிரம் கழன்று வரும்படி செய்தார்கள். அவ்வளவையும் கழற்றிய பிறகும் எடை 2,650 பவுண்டு வந்தது. கேட்டதைவிட 150 பவுண்டு அதிகம். அதற்குள் ஹெலிகாப்டர்களின் சக்தி கூடிவிட்டதால் பிழைத்தது. 1968இல் தயாரிப்புக்குப் போய், 1980களின் நடுப்பகுதி வரை வந்துகொண்டிருந்தது.

இதற்கு முன்னால் ராணுவம் பட்ட பாடுகள் இன்னும் சுவாரசியம். ஆஸ்டின் சாம்ப் என்று ஒன்று: ரோல்ஸ் ராய்ஸ் வடிவமைத்த எஞ்சின், ஐந்து கியரும் பின்னோக்கியும் ஓடும், ஆனால் கனமும் விலையும் தாங்கவில்லை. மினி மோக் என்று ஒன்று: ஆளே தூக்கிவிடலாம், ஆனால் அடிவயிறு தரையைத் தேய்க்கும். 1950களின் கடைசியில் எச்எம்எஸ் புல்வர்க் போர்க்கப்பலில் இருந்த மரைன்களுக்கு (கடற்படையோடு போகும் தரைப்போர் வீரர்களுக்கு) பிரெஞ்சு சிட்ரோயன் 2சிவி பிக்கப் வாங்கிக் கொடுத்தார்கள். அன்றைய ஹெலிகாப்டர்களால் தூக்க முடிந்தது அதைத்தான். சண்டைக்குப் போகிறவர்கள் அந்தத் தகர டப்பாவில் ஏறியிருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

மதுரையிலிருந்து வந்த மாமா வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "என்னடா, நம்ம மஹிந்திரா ஜீப் மாதிரியே இருக்கு" என்றார். தப்பில்லை. 1947இல் மாரிஸ் வில்க்ஸ் செய்த முதல் மாதிரி லேண்ட் ரோவரின் சேசிஸ் வில்லிஸ் ஜீப்புடையது. மஹிந்திரா இந்தத் தொழிலுக்குள் வந்ததும் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டித்தான். இரண்டும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள்.

நான் வாங்கும்போது அது வண்டியாக இல்லை. ஒரு பண்ணைக் கொட்டகையில் கோழி எச்சத்துக்கு அடியில் கிடந்தது. உடம்பு அலுமினியக் கலவை என்பதால் வெளியில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இந்த வண்டியில் ஏமாறுவது அங்கேதான். அலுமினியம் துருப்பிடிக்காது, அதைத் தாங்கும் சேசிஸும் பல்க்ஹெட்டும் (எஞ்சினுக்கும் ஆட்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள சுவர்) இரும்பு. சேசிஸின் பின் குறுக்குச் சட்டத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். கைப்பிடி வரை உள்ளே போனது. கால் வைக்கும் இடத்தில் மிதியடியைத் தூக்கினால் கீழே புல் தெரிந்தது. இரும்பும் அலுமினியமும் தொடும் இடமெல்லாம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. வாங்கப் போகிறவர்கள் பெயின்டைப் பார்க்காதீர்கள், ஒரு சின்னச் சுத்தியலோடு கீழே படுங்கள்.

துத்தநாகப் பூச்சு ஏற்றிய புதுச் சேசிஸ் வாங்கினேன். விற்ற கடையின் பெயர் வேண்டாம். ஸ்பிரிங் மாட்டும் தாங்கி ஒரு பக்கம் ஏழு மில்லிமீட்டர் தள்ளி வெல்டிங் ஆகியிருந்தது, மாற்றி வாங்க மூன்று மாதம் ஆனது. பல்க்ஹெட்டை வெட்டி ஒட்டியதில் ஒரு குளிர்காலம் போனது. 2286 சிசி பெட்ரோல் எஞ்சின் மட்டும்தான் எனக்கு இரக்கம் காட்டியது. மூன்று முக்கிய பேரிங் வைத்த பழைய ரகம். பிஸ்டன் ரிங், வால்வு வேலை, கேஸ்கெட், அவ்வளவே. மொத்தத்தில் இரண்டரை வருடம் ஆனது. வாங்கிய விலையைப் போல இரண்டரை மடங்கு செலவு. என் மனைவிக்குச் சொன்ன கணக்கு வேறு.

சரி, ஓட்ட எப்படி இருக்கும்? 45 மைல் வேகம் வரை சுகம். 50இல் பேச்சு நின்றுவிடும். 55இல் கியர்பாக்ஸின் ஊளை பல்லுக்குள் கேட்கும். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், அழுத்தத்துக்கு உதவி ஏதும் கிடையாது. முன்னால் போகிறவர் பிரேக் போடுவார் என்று முன்கூட்டியே யூகித்து நாம் போட வேண்டும். ஸ்டியரிங்கில் இரண்டு விரல் அளவு ஆட்டம் எப்போதும் உண்டு. அது கோளாறு இல்லை, குணம். கேன்வாஸ் கூரை மழையில் ஒழுகும், அதுவும் சரியாக வலது முழங்காலில். ஹீட்டர் இருக்கிறது என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிக்கொள்ளலாம். ஒரு கேலனுக்கு 17 மைல், நம் கணக்கில் லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர்.

ஆனால் சால்ஸ்பரி பிளெயின் பக்கம் கொண்டு போய்ப் பாருங்கள். ராணுவப் பயிற்சி நிலம் அது. நடுவே பொதுமக்கள் வண்டி ஓட்ட உரிமையுள்ள மண் பாதைகள் போகின்றன. 1943இல் ஆட்களைக் காலி செய்த இம்பர் கிராமமும் அங்கேதான் இருக்கிறது. சுண்ணாம்பு மண், மழை பெய்தால் சோப்பு மாதிரி வழுக்கும். மஞ்சள் குமிழை அழுத்தினால் நாலு சக்கரமும் இழுக்கும். சிவப்புக் குமிழ் லிவரைப் பின்னால் இழுத்தால் தாழ்ந்த கியர். ஆக்ஸிலரேட்டரைத் தொடவே வேண்டாம், எருமை மாதிரி தன் பாட்டுக்கு ஏறும். நாலு அங்குலம் ஒடுங்கிய உடம்பின் அருமை அந்தப் பள்ளங்களுக்கு நடுவே தெரியும். புது வண்டிக்காரர்கள் கண்ணாடியை மடக்கிக்கொண்டு நெளியும் இடத்தில் நான் நேராகப் போய்விடுவேன். திரும்ப இரண்டு சக்கரத்துக்கு வர, நின்று, சிவப்பு லிவரைப் பின்னால் இழுத்து மறுபடி முன்னால் தள்ள வேண்டும், அப்போதுதான் மஞ்சள் குமிழ் மேலே துள்ளும். தெரியாமல் நாலு சக்கரத்திலேயே தார் ரோட்டில் ஓட்டி கியரைக் கெடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

எட்டு வருடத்தில் நடுரோட்டில் நின்றது மூன்று முறை. மூன்றுக்கும் காரணம் பழைய பாகம் இல்லை, நான் வாங்கிப் போட்ட புதுப் பாகம். மோசமானது ஏ303 சாலையில், ஸ்டோன்ஹெஞ்ச் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், கொட்டும் மழையில். எஞ்சின் திடீரென்று செத்தது. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தால், உள்ளே சுற்றும் புது ரோட்டார் ஆர்ம், பார்க்கப் பளபளவென்று இருக்கிறது. உள்ளே ரிவெட் வழியாக மின்சாரம் தண்டுக்குப் பாய்ந்துவிட்டது. கொட்டகையில் கிடந்தபோது அதிலிருந்த பழைய ரோட்டாரை ஏனோ தூக்கிப் போடாமல் டூல் பெட்டியில் வைத்திருந்தேன். அதை மாட்டினேன், முதல் திருகலில் பிடித்தது. இன்றும் அதுதான் ஓடுகிறது. பழைய பாகம் எதையும் எறியாதீர்கள்.

இன்னும் சில விஷயம். ரேடியோ பொருத்திய 24 வோல்ட் ரகத்தைவிட 12 வோல்ட் ரகத்தை எடுங்கள், பாகம் கிடைப்பது சுலபம். பத்து சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை ஊற வைத்துவிடும், ஐந்து சதவீதத்தையே போடுங்கள். முன்சக்கரம் திரும்ப உதவும் சுவிவல் உருண்டைகளில் எண்ணெய்க்குப் பதிலாக இளகிய கிரீஸ் நிரப்பினால் ஒழுகல் பாதியாகும். 40 வயது தாண்டிய வண்டிக்குச் சாலை வரி இல்லை, லண்டன் புகைக் கட்டணம் இல்லை, வருடாந்திரச் சோதனையும் கட்டாயமில்லை. நான் மட்டும் வருடா வருடம் சோதனைக்குக் கொண்டு போகிறேன். அந்த பிரேக்கை நம்பி மகளை உட்கார வைக்கிறேனே.

ஒரே ஒரு வேலைக்காக இன்னும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன். பெயின்டை முழுக்கச் சுரண்டிவிட்டேன். அலுமினியம் கண்ணாடி மாதிரி மின்னும் வரை சுரண்டி, புதுப் பச்சை அடித்தேன். ராணுவத்தில் இருந்த காலத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு இலக்கம், இரண்டு எழுத்து, இரண்டு இலக்கம் என்று ஒரு பதிவெண் இருந்தது. அது தெரிந்தால் ராணுவப் போக்குவரத்துப் பிரிவான ராயல் லாஜிஸ்டிக் கோர் அருங்காட்சியகத்துக்கு எழுதி வண்டியின் பழைய பதிவு அட்டையைக் கேட்கலாம். இது எனக்குத் தெரிய வந்தபோது சுரண்டிய தூள் குப்பைக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது.

பழைய பெயின்டோடு மிச்சமிருந்தது முன் பம்பர் மட்டும். வளைந்து கிடந்ததால் புதிது மாட்டிவிட்டு, பழையதைத் தோட்டத்தில் கறிவேப்பிலைத் தொட்டிக்கு முட்டுக் கொடுத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்து, மெல்லிய உப்புத்தாளால் தண்ணீர் விட்டு மெதுவாகத் தேய்த்தேன். மேலே கறுப்பு. அதற்குக் கீழே மங்கிய பச்சை, மறுபடி கறுப்பு, அப்புறம் பளபளப்பான கரும்பச்சை. அதற்கு மேல் மூன்று வெள்ளை இலக்கமும் இரண்டு எழுத்தும் நிழல் மாதிரி எழும்பின. கடைசி இலக்கம் வளைந்த இடத்தில். அரை மணி நேரம் விரல் நுனியால் தேய்த்ததில் அதுவும் வந்தது.

அந்த எண்ணை எழுதி அனுப்பினேன், அட்டை வந்தது. அதிலிருந்த சேசிஸ் எண் என் வண்டியுடையது இல்லை. ஏதோ ஒரு பட்டறையில், ஏதோ ஒரு லைட்வெயிட்டின் பம்பரைக் கழற்றி என்னுடையதில் மாட்டியிருக்கிறார்கள். கழற்றி மாட்டுவதற்கென்றே செய்த வண்டிதானே. புதுப் பம்பரைக் கழற்றிவிட்டு வளைந்ததையே திரும்ப மாட்டினேன், ஹெலிகாப்டர் கயிறு கோர்க்கும் இரண்டு ஷேக்கிளோடு (இரும்பு வளையத்தோடு). கறிவேப்பிலைத் தொட்டிக்கு இப்போது புதிது முட்டுக் கொடுக்கிறது.